கச்சேரிப் பியானோவை நம்பி ஒரு வாழ்க்கை: ரிக்டரை முன்வைத்து பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கேள்வி

பாளை மணிக்கூண்டு (இழையைத் தொடங்கியவர்)
வெள்ளி, இரவு 9:42

வணக்கம். இரண்டு வாரமாக மனதில் கிடந்து உருளும் ஒன்றை இங்கே கேட்டுவிடலாம் என்று துணிந்தேன்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆலயத்தில் பாமாலைக்கு வாசிக்கிற அளவுக்கு வந்தால் போதும் என்று ஆறு வயதில் கீபோர்டு வகுப்பில் சேர்த்தேன். பத்து வயதில் கீபோர்டு அவளுக்குப் போதவில்லை. சாந்தி நகரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது அப்ரைட் பியானோ ஒன்று விலைக்கு வந்தது. ஆறு பேர் சேர்ந்து இறக்கி, சின்ன லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். வண்டி வாடகையும் கூலியும் பியானோ விலையில் பாதியைத் தொட்டன. இப்போது டிரினிட்டி இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள்.

போன மாதம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, பொறியியலும் வேண்டாம், பி.காமும் வேண்டாம், கச்சேரிப் பியானோதான் வாசிக்கப் போகிறேன் என்றாள். அவள் அம்மா சொதிக் கரண்டியை அப்படியே சட்டிக்குள் விட்டுவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஸ்வியாத்தோஸ்லாவ் ரிக்டர் என்ற மனிதர். ஆள் யாரென்று தெரியாமல் சண்டை போட முடியாது என்பதால் நானும் உட்கார்ந்து படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

1915-ல் உக்ரைனில் ஷித்தோமிர் என்ற ஊரில் பிறந்து, ஒடெசாவில் வளர்ந்தவர். அப்பா ஜெர்மன் வம்சாவளி, பியானோவும் ஆர்கனும் வாசிப்பவர். ஆனால் மகன் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவன். கையில் கிடைத்த ஓபரா (பாட்டு நாடகம்) இசைப் புத்தகங்களை வாசித்து வாசித்தே கை பழகியிருக்கிறது. பதின்ம வயதில் மாலுமிகள் மன்றத்தில் பாடுகிறவர்களுக்குத் துணை வாசிப்பு, பிறகு ஒடெசா ஓபராவில் ஒத்திகைப் பியானோ. 1934-ல் முதல் தனிக் கச்சேரி, முழுக்க ஷோபின். 1937-ல் மாஸ்கோவுக்குப் போய் ஹைன்ரிஹ் நெய்ஹாஸ் என்ற ஆசிரியர் முன்னால் வாசித்தார். 22 வயதில்தான் ஒழுங்கான குரு வாய்க்கிறார்! அரசியல் பாட வகுப்புகளுக்குப் போகாததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, ஆசிரியரின் தயவால் திரும்பச் சேர்ந்தார். தங்க இடம் இல்லாமல் நெய்ஹாஸ் வீட்டுப் பியானோவுக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

1941-ல் அப்பாவை ஜெர்மன் உளவாளி என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். அம்மா போர்க்காலத்தில் ஜெர்மனிக்குப் போய்விட்டார். மகன் அவரை மறுபடி பார்த்தது 1960-ல். அந்த ஆண்டுதான் அமெரிக்காவில் வாசிக்க அரசு அவருக்கு அனுமதி கொடுத்தது. அப்போது வயது 45. கடைசிக் கச்சேரி 1995 மார்ச்சில், லூபெக் நகரில். 1997-ல் மாஸ்கோவில் இறந்தார்.

மகளை ஆட்டுவிப்பது இவற்றில் எதுவும் இல்லை. 1986-ல், 71 வயதில், இந்த மனிதர் சைபீரியா வழியாக மாதக்கணக்கில் பயணம் செய்து, கச்சேரி மண்டபமே இல்லாத சிற்றூர்களில் எல்லாம் வாசித்திருக்கிறார். "பாருங்கள் அப்பா, மண்டபம் இல்லாத ஊரிலும் கச்சேரி நடந்திருக்கிறது" என்கிறாள்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை இப்படி ஆசைப்படலாமா? தகப்பனாக நான் என்ன செய்ய வேண்டும்? ஆறுதல் வேண்டாம், விவரம் வேண்டும்.

பொருநைக்கரை
வெள்ளி, இரவு 10:20

அண்ணாச்சி, விவரம் கேட்டீர்கள், கசந்தாலும் சொல்கிறேன். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்.

ரிக்டர் சைபீரியாவுக்குப் போனது சொந்தக் காசில் இல்லை. சோவியத் நாட்டில் கச்சேரி ஏற்பாடு செய்வது, ஊர் குறிப்பது, பணம் கொடுப்பது எல்லாம் அரசு. போதாததற்குக் கூடவே ஒரு யமஹா பியானோவும் பயணம் செய்தது. வீட்டுக்கு ஒரு பியானோவை ஏற்றிவர நீங்கள் பட்ட பாட்டை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. நெய்ஹாஸிடம் படித்தவர்களில் ரிக்டர் பெயர் தெரியும், எமில் கிலெல்ஸ் பெயர் தெரியும். மற்றவர்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? பரிசுச் சீட்டில் விழுந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்கக் கூடாது.

பாளையில் நாளைக்கு உங்கள் மகள் ஷூபர்ட் வாசித்தால் எத்தனை பேர் டிக்கெட் வாங்குவார்கள்? நான் போட்ட கணக்கில் பதினொரு பேர். அத்தனை பேரும் உங்கள் உறவினர்கள். அதிலும் ஆறு பேர் டிக்கெட் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

பி.காம். படிக்கட்டும். மாலையில் பியானோ வாசிக்கட்டும்.

சேகரத்து ஆர்கன்காரர்
சனி, காலை 6:05

தம்பி பொருநைக்கரை சொன்ன பதினொன்று அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாற்பது வருடம் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-ல். இரண்டு நூற்றாண்டு ஆகிவிட்டது. நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், இடையன்குடி என்று நம் பக்கத்து ஊர்களில் நான்கு குரலில் பாமாலை பாடக்கூடியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். எங்கள் பாட்டையா பனையேறி. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பேஸ் குரல். கையெழுத்துப் போடத் திணறுவார், சோல்ஃபா என்ற எழுத்துச் சுரக்குறிப்பைப் பார்த்துத் தப்பில்லாமல் பாடுவார். இப்படிப்பட்ட மண்ணில் பியானோவைத் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற ஒருவரைக் கொண்டாடும் வழக்கம் ஏன் வரவில்லை?

என் பதில் இது: நம் ஊரில் பியானோவுக்கும் ஆர்கனுக்கும் வேலை உண்டு, கேட்பார் கிடையாது. யாராவது பாடுவதற்குத் துணை. மணப்பெண் நடந்து வருவதற்குத் துணை. காணிக்கைப் பை சுற்றி வரும் வரை இடைவெளி நிரப்புவதற்குத் துணை. ஆராதனை முடிந்ததும் நான் பாக் வாசிப்பேன். ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டே ஆட்டுக்கறி விலை பேசுவார்கள். நாற்பது வருடத்தில் ஒரே ஒரு பாட்டி மட்டும் கடைசி வரை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். பல மாதம் அவர்களுக்காகவே நன்றாக வாசித்தேன். பேரன் வண்டி கொண்டுவரக் காத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனால் மணிக்கூண்டு அவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். ரிக்டரும் மாலுமிகளுக்கும் ஓபரா பாடகர்களுக்கும் துணை வாசித்துத்தான் வளர்ந்தார். உலகம் அறிந்த பிறகும் மனைவி நீனா டோர்லியாக் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். புதிய தாளை முன்னால் வைத்தவுடன் வாசிப்பது, பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் கையைத் தாமதிப்பது, இதையெல்லாம் கிரேடு தேர்வு ஓரளவுக்கு மேல் சொல்லித் தராது. பிள்ளையைப் பாடகர் குழுவுக்கு வாசிக்க விடுங்கள். எங்கள் சேகரத்துக்கு, அதாவது எங்கள் திருச்சபை வட்டாரத்துக்கு, அனுப்பினாலும் சரி.

எட்டயபுரம் சாலை
சனி, காலை 9:31

ஐயாவின் கேள்விக்கு என் பங்குக்கு இன்னொரு பதில். மேலைநாட்டுக் கருவி ஒன்று நம் சங்கீதத்துக்குள் வந்து, இனி போகாது என்று உட்கார்ந்ததற்கும் நம் சீமைதான் சாட்சி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் இருந்தபோது ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் இறந்ததும் எட்டயபுரத்தில்தான். 1904-ல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சானதும் அதே ஊரில்.

வயலினை ஏற்றுக்கொண்ட நாம் பியானோவை ஏன் ஏற்கவில்லை? கமகம். வயலின் தந்தியில் விரலை இழுக்கலாம், அசைக்கலாம், வழுக்கலாம். பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒலி பிறந்துவிட்டது, அதற்குப் பிறகு அதன் மேல் உங்களுக்கு அதிகாரம் இல்லை. தோடி ராகத்தின் காந்தார சுரம் அதில் எங்கே இருக்கிறது? இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்து கிடக்கிறது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் கேட்ட காதுக்குப் பியானோ எப்போதும் படிக்கட்டில் இறங்கி வருகிற மாதிரியே கேட்கும். கேட்பதற்கு ஆள் இல்லாததற்கு ஜனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஐயா.

சேகரத்து ஆர்கன்காரர்
சனி, காலை 10:12

நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் இசைத் தூண்கள் இருக்கின்றன. தட்டினால் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு சுரம். அந்தக் கல்லில் கமகம் வருமா? நூற்றாண்டுகளாக ஜனங்கள் காதை ஒட்ட வைத்துக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரையும் மறந்துவிட்டீர்கள். 1917-ல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டவர். ஒரு ஸ்தாயியில் சுருதி இருபத்திரண்டு இல்லை, இருபத்து நான்கு என்று வாதிட்டவர். பன்னிரண்டை இரட்டிப்பாக்கினால் இருபத்து நான்கு. உங்கள் காந்தாரம் விழுந்து கிடக்கும் இடத்துக்கு ஒரு கட்டை செய்து வைக்க அவர் கூச்சப்பட்டிருக்க மாட்டார்.

எட்டயபுரம் சாலை
சனி, காலை 10:40

தூணுக்காக ஒரு மதிப்பெண் கொடுத்தேன். இருபத்து நான்கு பற்றித் தனி இழை திறந்தால் வருகிறேன். இங்கே தொடங்கினால் மணிக்கூண்டு அண்ணாச்சியின் பெண் கல்யாணம் வரை போகும்.

சுருதிப்பெட்டி
சனி, பிற்பகல் 2:50

நல்லவேளை, கல்தூணுக்குச் சுருதி சேர்க்க வேண்டியதில்லை. வேண்டியிருந்தால் அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்திருக்கும்.

நான் தூத்துக்குடி. பியானோ, ஆர்மோனியம், கால் ஆர்மோனியம் பழுது பார்க்கிறேன். எல்லோரும் ரிக்டரைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்தப் பெண் தினமும் தொடுகிற பியானோவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அது எப்படி இருக்கிறது அண்ணாச்சி?

ஏன் கேட்கிறேன் என்றால், பியானோ என்பது பெரும்பாலும் மரம், கம்பளி, இரும்பு. உள்ளே இருநூறுக்கு மேல் தந்திகள். ஒரு சுரத்துக்கு மூன்று தந்தி, கீழ்ச் சுரங்களுக்கு இரண்டு, ஒன்று. எல்லாத் தந்திகளின் இழுவையையும் கூட்டினால் பதினெட்டு, இருபது டன் வரும். அத்தனையையும் ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. ஆனால் சத்தம் கொடுப்பது மரப்பலகை. நம் ஊரில் ஆனி, ஆடிக் காற்றில் அந்தப் பலகை வற்றும், சுருதி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறும், சுருதி ஏறும், கட்டைகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. இந்த ஏற்ற இறக்கத்தில் தந்தி சுற்றிய ஆணிகள் பிடி தளர்ந்துவிடும். பிறகு காலையில் சேர்த்த சுருதி மாலையில் இருக்காது. தூத்துக்குடி உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிப்பது தனிக் கதை. கம்பளிக்கு அந்துப்பூச்சி, மரத்துக்குக் கரையான், மிச்சம் எலிக்கு.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத் தெரு ஒன்றில் ஒரு பியானோவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மிதிகளுக்கு மேலே ஒரு முழம் வரை தண்ணீர் நின்றிருக்கிறது. பழைய பியானோக்களில் மூட்டுகளை வச்சிரம் போட்டு ஒட்டியிருப்பார்கள். வச்சிரம் தண்ணீரில் கரையும். மூடியைத் திறந்தேன், ஒரு கட்டையை அழுத்தினேன், உள்ளேயிருந்து சுத்தியல் தலை கழன்று என் மடியில் விழுந்தது. வீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். சரியாகிவிடும் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரிக்டரைப் பற்றி எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அவர் பியானோவைத் தேர்ந்தெடுக்க மாட்டார். ஊரில் எது இருக்கிறதோ அதில் வாசிப்பார், கிடைத்தது விதி என்பார். யமஹா கூட வந்ததெல்லாம் பிற்காலத்தில். 1953-ல் ஸ்டாலின் இறந்தபோது அவரைத் திபிலிசியிலிருந்து மலர்வளையங்கள் நிரம்பிய விமானத்தில் ஏற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து, சடலம் வைத்திருந்த மண்டபத்தில் வாசிக்கச் சொன்னார்கள். கிடைத்தது ஒரு அப்ரைட். அதில் மிதி வேலை செய்யவில்லை. இசைத்தாள்களை மிதிக்கு அடியில் திணித்துச் சரிக்கட்டப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். என் தொழிலில் பாதி அப்படித்தான்.

பியானோவைச் சன்னலுக்கும் வெளிச்சுவருக்கும் பக்கத்தில் வைத்திருந்தால் தயவுசெய்து நகர்த்துங்கள். மழைக்காலத்தில் கீழ்ப்பலகையைத் திறந்து, உள்ளே மரத்தில் படாமல் ஒரு சின்னக் குண்டு பல்பை எரியவிடுங்கள். என் அப்பா காலத்து வைத்தியம், இன்னும் கேட்கிறது.

பாளை மணிக்கூண்டு
சனி, மாலை 6:18

சன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது நகர்த்திவிட்டோம். சுவரில் ஆறு வருடத்துப் பல்லி முட்டைகள். மேல்ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் ஊமை, நடுவில் ஒன்று ஒரே நேரத்தில் இரண்டு சுரம் பேசுகிறது. மகள் அந்த ஊமைச் சுரங்களை வாயால் பாடிச் சமாளிக்கிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

வண்ணார்பேட்டை டீச்சர்
சனி, இரவு 8:55

வாயால் பாடிச் சமாளிக்கிறாள் என்ற வரியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் எட்டாம் கிரேடு வரை படித்தவள். கல்யாணம் பேசும்போது அது ஒரு நகையைப் போலப் பேசப்பட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பியானோவை வைக்க வீட்டில் இடம் இல்லை என்றார்கள். உண்மையிலேயே இடம் இல்லைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிட அகலமான பீரோவுக்கு அதே மாதத்தில் இடம் கிடைத்தது. இப்போது இருபது வருடமாகக் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுக்கிறேன்.

ரிக்டர் பெரிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெண் பிள்ளைக்கு முன்னால் வைக்க வேண்டிய வாழ்க்கை பியானோ கலைஞர் கிளாரா ஷூமானுடையது என்பேன். 1819-ல் லைப்சிகில் பிறந்தவர். அப்பா பியானோ ஆசிரியர், மகளைச் சிறு வயதிலேயே மேடையேற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்றவர். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று தடுத்தார். நீதிமன்றம் வரை போய், 1840-ல், 21 வயது நிறைவதற்கு முந்தின நாள் கல்யாணம். எட்டுப் பிள்ளைகள். 1854-ல் கணவர் மனநோய் முற்றி மருத்துவ விடுதிக்குப் போனபோது கடைசிக் குழந்தை வயிற்றில். ஜூனில் பிரசவம், இலையுதிர் காலத்தில் மறுபடியும் மேடை. வேறு எப்படிச் சாப்பிடுவது? எட்டில் நான்கு பிள்ளைகள் அவர் இருக்கும்போதே இறந்தார்கள். எழுபது வயது தாண்டியும் வாசித்தார். பிற்காலத்தில் ஜெர்மனியின் நூறு மார்க் நோட்டில் அவர் முகம் போட்டார்கள்.

கிளாராவுக்கு மேடை என்பது குடும்பத்தை நடத்திய வேலை. அண்ணாச்சி, உங்கள் மகள் இதைப் படித்துவிட்டும் சரி என்றால், பிறகு தடுக்காதீர்கள். ஒருவேளை கல்யாணம் என்று பேச்சு வந்தால், பியானோவுக்கு எந்தச் சுவர் என்பதை முதலில் கேளுங்கள்.

பொருநைக்கரை
சனி, இரவு 9:30

டீச்சர் அக்கா, நூறு மார்க் நோட்டைக் காட்டி என் வாயை அடைத்துவிட்டீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்: கிளாராவுக்குக் கச்சேரி வைத்தால் டிக்கெட் வாங்க ஊருக்கு ஊர் ஆள் இருந்தது. என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

ஸ்ப்ரே கரை நெல்லையான்
ஞாயிறு, அதிகாலை 2:14

பெர்லினில் இருக்கிறேன், சொந்த ஊர் மேலப்பாளையம். தொழில் கணினி, பொழுதுபோக்கு கடைசி வரிசை டிக்கெட். விவரம் மட்டும் சொல்கிறேன்.

இங்கே அரசு இசைக் கல்லூரிகளில் பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, அரையாண்டுக்கு ஒரு சிறு தொகைதான். பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ வாங்குகிறது. செலவு, சாப்பாடும் வாடகையும். விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவுப் பணத்தை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். ஜெர்மன் மொழி வேண்டும். பொருநைக்கரை அண்ணன் கணக்குப் போட இது போதும்.

பணத்தைவிடக் கடினம் நுழைவுத் தேர்வு. பொதுவாக ஒரு பாக் முன்னிசையும் ஃபியூகும், ஒரு முழு செவ்வியல் சொனாட்டா, ஒரு ரொமாண்டிக் படைப்பு, வேக விரலுக்கு ஒன்றோ இரண்டோ எட்யூட், இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று. எல்லாம் மனப்பாடமாக. கேட்கிற குழு பாதியிலேயே போதும் என்று நிறுத்திவிடும். எட்டாம் கிரேடு என்பது அந்த வாசலுக்குப் போகிற தெருவின் முனை, அவ்வளவுதான். கொரியா, சீனா, ரஷ்யாவிலிருந்து வருகிற பிள்ளைகள் ஐந்து வயதிலிருந்து இதற்காகவே வளர்ந்தவர்கள்.

முடித்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்றால், பெரும்பாலோர் சொல்லிக் கொடுக்கிறார்கள், பாடகர்களுக்கும் நடனப் பள்ளிகளுக்கும் ஓபராவுக்கும் துணை வாசிக்கிறார்கள். ஒடெசாவில் இளம் ரிக்டர் செய்த அதே வேலை. அதில் மாதச் சம்பளம் உண்டு, மரியாதையும் உண்டு. தனிக் கச்சேரியால் மட்டும் வாழ்கிறவர்கள் மிகச் சிலர். பெரிய போட்டியில் பரிசு வாங்கினால் சில வருடம் மேடை கிடைக்கும், பிறகு அடுத்த போட்டியின் பரிசுக்காரர் வந்துவிடுவார். 1958-ல் நடந்த முதல் சைக்கோவ்ஸ்கி போட்டியில் ரிக்டர் நடுவர்களில் ஒருவர். அமெரிக்கர் வான் கிளைபர்னுக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டார், பலருக்குப் பூஜ்யம் போட்டார் என்று கதை உண்டு.

பயமுறுத்த எழுதவில்லை. முதலில் சென்னையிலோ வெளியிலோ ஒரு நல்ல ஆசிரியர் முன்னால் ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 22 வயது ரிக்டரும் அதைத்தான் செய்தார். அந்த ஆசிரியர் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் பி.காமா பாக்கா என்று முடிவு செய்யலாம்.

பாளை மணிக்கூண்டு
ஞாயிறு, பிற்பகல் 3:37

எல்லாவற்றையும் அச்சிட்டு மகளிடம் கொடுத்தேன். ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து மதியம் முழுவதும் படித்தாள். நுழைவுத் தேர்வுப் பட்டியலைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறாள். டீச்சரின் பதிவை இரண்டு முறை படித்தாள். அவள் அம்மா மூன்று முறை படித்தாள். பிறகு எழுந்து போய்ப் பியானோவுக்கு மேலிருந்த துணி மூட்டைகளை எடுத்துவிட்டாள்.

அப்புறம் மகள் என்னை உட்கார வைத்து ரிக்டர் வாசித்த ஷூபர்ட் சொனாட்டா ஒன்றைப் போட்டாள். பி பிளாட் மேஜர், ஷூபர்ட் இறந்த 1828-ல் எழுதியது. முதல் பகுதி மட்டும் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். உண்மையைச் சொல்கிறேன், ஐந்தாவது நிமிடத்தில் இந்த மனிதர் எங்கேயாவது போய்ச் சேர்ந்தால் தேவலை என்றிருந்தது. அவ்வளவு மெதுவாக வாசிக்கிறார். கீழே இடது கையில் தூரத்து இடி மாதிரி ஒரு உறுமல் வருகிறது, உடனே எல்லாம் நின்றுவிடுகிறது. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணையில், மேற்கே மலையில் மழை பிடித்தால் கேட்கும் சத்தம் அது. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆச்சி மட்டும் வடகத்தை எடுத்து உள்ளே வைப்பார்கள். அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் போனது என்று நான் பார்க்கவில்லை. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்டு 1957-ல் மாஸ்கோ போனபோது இதே சொனாட்டாவை ரிக்டர் வாசிக்கக் கேட்டு, முதலில் பொறுமையிழந்து பிறகு கட்டுண்டு உட்கார்ந்தாராம், மகள் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சென்னையில் ஆசிரியர் ஒருவரிடம் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் படிப்பாள், அது நானும் அவளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

சேகரத்து ஆர்கன்காரர்
ஞாயிறு, மாலை 5:02

வடகத்தை உள்ளே எடுத்து வைத்த ஆச்சிக்கு என் வந்தனம்.

சென்னைக்குப் போவதற்கு முன் ஒருமுறை ஊரிலேயே வாசிக்கட்டும். எங்கள் சேகரத்து மண்டபம் இருக்கிறது. அசனப் பண்டிகைக்கு (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து) அரிசி மூட்டை அடுக்குகிற இடம்தான், நூறு பேர் உட்காரலாம். அங்கே ஒரு அப்ரைட் உண்டு, தம்பி சுருதிப்பெட்டி வந்து பார்த்தால் பிழைக்கும். யாரும் பாட மாட்டோம். பிரசங்கம் கிடையாது, பொன்னாடை கிடையாது. பிள்ளை வாசிக்கும், நாம் கேட்போம். எட்டயபுரம் சாலையும் வர வேண்டும், காந்தாரத்தோடு.

எட்டயபுரம் சாலை
ஞாயிறு, மாலை 5:20

வருகிறேன். தாளம் மட்டும் போடாமல் இருக்க முயல்கிறேன்.

சுருதிப்பெட்டி
ஞாயிறு, மாலை 6:44

ஐப்பசியில் வைத்துவிடாதீர்கள், கட்டைகள் எழும்பாது. தை மாதம் வையுங்கள். நான் இரண்டு நாள் முன்னதாக வந்து ஒருமுறை, கச்சேரி அன்று காலையில் ஒருமுறை சேர்க்கிறேன். மணிக்கூண்டு அண்ணாச்சி வீட்டு ஊமைக் கட்டைகளையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம். பஸ் செலவு போதும்.

பாளை மணிக்கூண்டு
ஞாயிறு, இரவு 8:10

எல்லோருக்கும் நன்றி. மகள் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறாள். மின்விசிறிகளை நிறுத்த வேண்டும், ஷூபர்ட்டின் மெதுவான இடங்கள் விசிறிச் சத்தத்தில் போய்விடுமாம். இரண்டாவது, ரிக்டர் கடைசிக் காலத்தில் செய்ததுபோல மண்டபத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, இசைத்தாளுக்கு மேல் ஒரே ஒரு விளக்கு. முகத்தைப் பார்க்க என்ன இருக்கிறது, கேட்டால் போதும் என்கிறாள்.

வண்ணார்பேட்டை டீச்சர்
ஞாயிறு, இரவு 8:26

கரண்டு போனால் நம் ஊரில் எல்லாக் கச்சேரியும் ரிக்டர் கச்சேரிதான். தாள் புரட்ட ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.

பொருநைக்கரை
ஞாயிறு, இரவு 9:05

அனுமதி இலவசமா?

சேகரத்து ஆர்கன்காரர்
ஞாயிறு, இரவு 9:11

இலவசம்தான் தம்பி. நம் மண்டபம், நம் பிள்ளை.

பொருநைக்கரை
ஞாயிறு, இரவு 9:19

அப்படியானால் நான் வர மாட்டேன். நூறு ரூபாய் டிக்கெட் அடியுங்கள், கணக்கை நான் பார்க்கிறேன், வருகிற பணம் முழுவதும் வாசிக்கிற பிள்ளை கையில். என் வீட்டில் மூன்று பேர். எண் போட்ட டிக்கெட்டாக இருக்கட்டும், பன்னிரண்டிலிருந்து பதினான்கு வரை எனக்கு எடுத்து வையுங்கள். முதல் பதினொன்று அண்ணாச்சியின் உறவினர்களுக்கு.